எங்கள் நிதி மேலாளரும் இடப்பக்கம் தள்ளுகிறார்

அலுவலகத்தின் ஆண்டு விருந்தை எந்த ஹோட்டலில் வைப்பது என்று கூட்டம் போட்டிருந்தோம். திரையில் ஒவ்வொரு ஹோட்டலின் உணவுப் பட்டியலும், தலைக்கு இத்தனை வெள்ளி என்ற கணக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தன. ஒரு பட்டியலில் ஆட்டிறைச்சி இல்லை. விலை மட்டும் ஆட்டிறைச்சி விலையாக இருந்தது. எங்கள் நிதி மேலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது எனக்கு ஸ்வைப் லெஃப்ட்" என்றார். ஈப்போவில் பிறந்த சீனப் பெரியவர். பேரப்பிள்ளைகள் எடுத்தவர். ஓய்வுபெறும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர். அவருடைய கைபேசியில் வாட்ஸ்அப்பும் பங்குச்சந்தை நிலவரமும் தவிர வேறு ஏதாவது இருந்தால்தான் ஆச்சரியம். யாரும் சிரிக்கவில்லை. என்ன சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. திரையை இயக்கிக்கொண்டிருந்த மலாய்ப் பெண் அந்த ஹோட்டலை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

பழகுவதற்கு ஆள் தேடும் செயலியில், வேண்டாதவரின் படத்தை விரலால் இடப்பக்கம் தள்ளிவிடுகிற ஒரு வேலை, அந்தச் செயலியைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவர் வாயில் விருந்துச் சாப்பாட்டுக்கான தீர்ப்பாக வந்து உட்கார்ந்துவிட்டது. நான் கோலாலம்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். காலை முதல் மாலை வரை காதில் விழுவது இந்த ஊர் ஆங்கிலம்தான். அதனால் இந்தச் சொல் எங்களுக்குள் எப்படிப் பரவுகிறது என்று பல நாளாகக் கவனித்துவருகிறேன். சொந்த அக்கறையும் ஒன்று உண்டு. எங்கள் அம்மா ஒரு காலத்தில் செந்தூல் ரயில்வே குடியிருப்பில் வரன் பார்த்துக்கொடுத்தவர். வேண்டும், வேண்டாம் என்பதை மனிதர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்பதை எங்கள் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான்.

சொல் எங்கே பிறந்தது என்பது பலருக்கும் தெரியும். அந்தச் செயலியான டிண்டர் 2012இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. முதலில் யோசித்த பெயர் மேட்ச்பாக்ஸ். தீப்பெட்டி போய், நெருப்புப் பற்றவைக்கும் சருகு என்ற பொருளில் டிண்டர் வந்தது. ஆனால் ஆரம்பத்தில் அதில் தள்ளுகிற வேலையே கிடையாது. படத்துக்குக் கீழே பச்சை இதயம் ஒன்று, சிவப்புப் பெருக்கல் குறி ஒன்று. வேண்டியதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தள்ளும் யோசனையைப் பிறகு கொண்டுவந்தவர் நிறுவனர்களில் ஒருவரான ஜொனாதன் படீன். குளித்துவிட்டு வந்து ஆவி படிந்த கண்ணாடியைக் கையால் துடைத்தாராம்; முகம் தெரிந்ததாம்; மறுபடி ஆவி மூடியதும் எதிர்ப்பக்கமாகத் துடைத்தாராம்; அங்கேதான் பொறி தட்டியதாம். சீட்டுக்கட்டும் மனத்தில் இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். கண்டுபிடிப்பாளர்கள் சொல்கிற குளியலறைக் கதைகளை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். என்றாலும் இந்தக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளைத் தேடும் கருவி, தன் முகத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி துடைத்த கையிலிருந்து வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் ஸ்வைப் என்ற சொல் அதற்கு வெகு முன்பே இருந்தது. ஓங்கி வீசி அடிப்பது, பேச்சுவழக்கில் திருடுவது, ஒருவரைக் குத்திப் பேசுவது என்று பல வேலை பார்த்த சொல் அது. பிறகு வங்கி அட்டையோடு சேர்ந்துகொண்டது. அட்டையின் பின்புறம் இருக்கிற காந்தப் பட்டைக்கும் ஒரு வீட்டுக் கதை உண்டு. 1960களில் ஐபிஎம் பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி அந்தப் பட்டையைப் பிளாஸ்டிக்கில் ஒட்டவைக்க முடியாமல் திண்டாடினார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, இதை வைத்துத்தான் ஒட்டிப்பாருங்களேன் என்றார். ஒட்டிக்கொண்டது. இஸ்திரி மேசையில் ஒரு ஸ்வைப்பும் குளியலறையில் இன்னொரு ஸ்வைப்பும் பிறந்திருக்கின்றன. பொறியியல் கல்லூரிக்காரர்கள் கொஞ்சம் அடக்கமாக இருக்கலாம்.

மலேசியாவில் 2017இல் கையெழுத்தை விட்டுவிட்டு ரகசிய எண்ணுக்கு மாறினோம். அதன்பின் அட்டையைத் தொட்டாலே போதும் என்றாகிவிட்டது. கடைக்காரர் அட்டையைத் தேய்க்கிற காட்சி மறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் சொல் மட்டும் வேலையிழக்காமல் கைபேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2015இலேயே காலின்ஸ் அகராதிக்காரர்கள் ஆண்டின் சொற்களாகத் தேர்ந்தெடுத்த பட்டியலில் ஸ்வைப் இருந்தது. வலப்பக்கம் தள்ளினால் சம்மதம், இடப்பக்கம் தள்ளினால் நிராகரிப்பு என்ற பொருளோடு. அதே பட்டியலில் கோஸ்டிங்கும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கருவி போன பின்னும் அதன் கைவேலை பேச்சில் தங்குவது ஆங்கிலத்துக்குப் புதிதில்லை. தொலைபேசிக் குழலைச் சுவரில் தொங்கவிட்ட காலம் போய்விட்டது. பேச்சை முடிப்பதற்கு இன்றும் தொங்கவிடு என்றுதான் சொல்கிறார்கள். நீராவி எஞ்சின் காட்சிப்பொருளாகிவிட்டது. கோபம் வந்தவர்கள் இன்னும் ஆவியை வெளியேற்றுகிறார்கள். செந்தூல் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு இந்த இரண்டாவது வழக்கு மிகவும் பிடிக்கும். அவர் மெய்யான ஆவியை வெளியேற்றியவர்.

எங்கள் ஊரில் இந்த அசைவை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலம் என்றால் நல்லது, இடம் என்றால் ஒதுக்குவது என்பது எங்களில் எல்லா இனத்தவருக்கும் ரத்தத்தில் ஊறியது. புதுப்பெண் வலது காலை எடுத்துவைத்து வர வேண்டும். இடது கையால் காசு நீட்டினால் பாட்டிமார் கையிலேயே ஒன்று வைப்பார்கள். மலாய்க்காரர்கள் வழி காட்டுவதற்குக்கூட வலது கைக் கட்டைவிரலைத்தான் நீட்டுவார்கள். சுட்டுவிரல் மரியாதை இல்லை. ஆங்கிலத்திலும் வலதுக்கு உள்ள சொல்தான் சரி என்பதற்கும். லத்தீனில் இடதுக்கு இருந்த சொல்தான் ஆங்கிலத்தில் தீயது என்ற பொருளில் வந்து நின்றது. படீன் குளியலறையில் எதை நினைத்துக்கொண்டாரோ, கை தானாக ஒரு பழைய வழக்கத்துக்குள் போய்விட்டது. செந்தூல் சந்தையில் அம்மா வெண்டைக்காய் பொறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். நுனியை ஒடித்துப் பார்ப்பார். முற்றியிருந்தால் விரல் நுனியால் இடப்பக்கம் ஒரு தட்டு, கடைக்காரர் முகத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். டிண்டர்காரர்கள் காப்புரிமை வாங்குவதற்கு முன்னால் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் அதே அம்மா வரன் விஷயத்தில் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை.

அம்மா தரகர் இல்லை. காசு வாங்கியதில்லை. கல்யாணம் முடிந்த பின் ஒரு சேலையும் தாம்பூலமும் வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். குடியிருப்பில் யார் வீட்டில் பெண் இருக்கிறது, காப்பாரிலும் பந்திங்கிலும் தோட்டத்தில் கணக்கெழுதுகிற எந்தக் கிராணியின் மகனுக்கு வயதாகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சிவப்புப் பிஸ்கட் டின் ஒன்றில் படங்கள் இருக்கும். ஸ்டூடியோவில் எடுத்த அஞ்சலட்டை அளவுப் படங்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பட்டுச்சேலை, ஸ்டூடியோக்காரரின் பிளாஸ்டிக் ரோஜா, பின்னால் நீலத் திரை. ஒரே சேலை வேறு வேறு பெண்கள்மேல் வந்திருப்பதை நானே கண்டுபிடித்துச் சிரித்திருக்கிறேன். படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், நட்சத்திரம், படிப்பு. பேனாவால் எழுதக் கூடாது. அழுத்தினால் முகத்தில் தடம் விழுந்துவிடும் என்பார்.

படம் உறையில் போகும். போன படம் திரும்பி வர வேண்டும். இதில் அம்மா கறாரானவர். வேண்டும் என்றால் வீட்டுக்கு வருவார்கள். வேண்டாம் என்றால் படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் நிராகரிப்பு. வெறுங்கையோடு கொண்டுவந்து கொடுக்க முடியாது என்பதால் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கூட வரும். வேண்டாம் என்று சொல்ல ஒருவர் பஸ் ஏறிக் கிள்ளானிலிருந்து செந்தூலுக்கு வந்து, காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி, எழுந்து நின்ற பின்புதான் உறையை எடுத்து மேசைமேல் வைப்பார்.

வாயால் சொல்வதற்கும் வகை இருந்தது. பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றால் பேரம் இன்னும் திறந்திருக்கிறது. தம்பிக்கு இப்போது தசை சரியில்லை, தை பிறக்கட்டும் என்றால் முக்கால்வாசி இல்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் கதவு சாத்தியாயிற்று. ஜோதிடர் உண்மையிலேயே பார்த்தாரா என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது நாகரிகம் இல்லை. கிரகங்கள்மேல் பழியைப் போட்டுவிட்டால் பெண் வீட்டாரும் தலை நிமிர்ந்து இருக்கலாம், மாப்பிள்ளை வீட்டாரும் அடுத்த தைப்பூசத்தில் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். எந்த பதிலும் சொல்லாமல் படத்தையும் திருப்பாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. வேறு இடம் பார்த்துக்கொண்டே இதையும் கைக்குள் வைத்துக்கொள்வது. இதற்கு இப்போது பெஞ்சிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தில் இறக்காமல் ஓரத்து பெஞ்சில் உட்காரவைப்பதாம். அம்மாவிடம் பெயர் இல்லை, ஆனால் பட்டியல் இருந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது அந்தக் காலம் போல வருமா என்று நான் பெருமூச்சு விடப்போவதாக நினைத்தால், அதுதான் இல்லை. என் பெரியக்காவின் படம் அந்த டின்னிலிருந்து போய்ப் போய் வந்தது. ஒருமுறை மூலை மடங்கி வந்தது. இன்னொரு முறை ஓரத்தில் தேநீர்க் கறை. முகம் தெரியாத யார் யாரோ சாப்பாட்டு மேசையில் கைமாற்றிப் பார்த்ததன் தடயம். அக்கா அந்த மடங்கிய மூலையை நகத்தால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜாதகம் என்று சொன்னவர்கள் அடுக்களைக்கு வந்ததும் நிறம் கொஞ்சம் மட்டு என்று அம்மாவிடம் மெல்லச் சொல்வார்கள். அந்த மெல்லிய குரல் எல்லா அறைக்கும் கேட்கும். நிராகரிப்பு எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறி, பழச்சீப்போடு, கதவு தட்டி வந்தது.

டிண்டரில் அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. இருவருமே வலப்பக்கம் தள்ளினால் மட்டும்தான் செய்தி வரும். இடப்பக்கம் போனவர்களுக்கு எந்தத் தகவலும் போகாது. மூலை மடங்காது. இந்த ஒரு கருணையை அந்தச் செயலிக்கு நான் மனதாரக் கொடுத்துவிடுகிறேன்.

அந்த அக்காவின் மகள்தான் எனக்கு இதையெல்லாம் காட்டித் தந்தவள். பங்சார் சௌத்தில் கணக்காய்வாளராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பசியாற இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போனால், வலது கையில் கைபேசி இருப்பதால் ரொட்டி சானாயை இடது கையால்தான் பிய்ப்பாள். "இடது கையால் சாப்பிடாதே" என்றால், "அப்படியானால் நீங்கள் ஊட்டிவிடுங்கள், சின்னம்மா" என்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன். பத்துமலைப் படிகளுக்கு 2018இல் வண்ணம் அடித்ததிலிருந்து பாதிப் பையன்கள் அந்தப் படிக்கட்டு முன்னால்தான் நிற்கிறார்கள். மீதிப் பேர் வாடகைக்கு எடுத்த மாதிரி தெரிகிற கார்மேல் சாய்ந்திருக்கிறார்கள். இரவல் பட்டுச்சேலை ஆண்களுக்கும் வந்துவிட்டது.

அவள் விரலைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரல் படத்தை இடப்பக்கம் இழுக்கும்போது படம் சீட்டைப் போலச் சாய்கிறது; ஓரத்தில் வேண்டாம் என்று சிவப்பு முத்திரை மெல்லத் தெளிகிறது. அங்கேயே விரலை நிறுத்தினாள். படம் பாதி சாய்ந்து, முத்திரை பாதி தெளிந்து, அப்படியே நிற்கிறது. தேநீரை ஒரு வாய் குடித்தாள். விரலை நடுவுக்குக் கொண்டுவந்தாள், முத்திரை மறைந்துவிட்டது, பையன் நிமிர்ந்துவிட்டான். மறுபடி இழுத்தாள். "என்ன செய்கிறாய்?" என்றேன். "யோசிக்கிறேன், சின்னம்மா" என்றாள். ஆங்கிலத்துக்குள் வந்திருக்க வேண்டிய அசைவு என்னைக் கேட்டால் இதுதான். பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்பதை ஒரு விரல் தனியாகச் செய்கிறது. யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. இரண்டு ஓரங்களுக்குத்தான் பெயர்.

மேலே தள்ளுவதும் பெயரளவில்தான் வாழ்கிறது. சூப்பர் லைக் என்று 2015இல் கொண்டுவந்தார்கள். மிகவும் பிடித்திருந்தால் படத்தை மேல்நோக்கித் தள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் யாரும் எந்த ஹோட்டலையும் மேலே தள்ளியதில்லை. வலப்பக்கம் தள்ளுவதும் அரிதாகத்தான் கேட்கிறது. பேச்சில் ஓடுவதெல்லாம் இடப்பக்கம்தான். பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல எந்த மொழியிலும் பஞ்சமே இருந்ததில்லை. காரணம் கேட்கப்படாமல், முகம் சுளிக்காமல், யாரையும் புண்படுத்தியதாக உணராமல் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. அதை டிண்டர் கொடுத்தது, நிதி மேலாளர் எடுத்துக்கொண்டார். இந்தச் சொல் பரவியதற்கு நான் பிடித்துக்கொண்டிருக்கிற காரணம் இதுதான். கிரகங்களின் வேலையை இப்போது கட்டைவிரல் பார்க்கிறது. ஒரு வித்தியாசம், கிரகங்களுக்காவது ஒரு பொய் தேவைப்பட்டது.

கோஸ்டிங் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பழகிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோவது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தப் பொருளை 2017இல் சேர்த்துக்கொண்டது. எங்கள் ஊர் இந்த விஷயத்தில் யாருக்கும் பின்தங்கியதில்லை. சொன்ன இடத்துக்கு வராமல் கைவிடுவதற்குக் கண்டோனிய மொழியில் ஃபோங் ஃபேய் கேய் என்பார்கள். விமானம் விட்டுவிட்டான் என்று பொருள். அதன் முதலெழுத்துகளைப் பிடித்து எஃப்எஃப்கே என்று மலாய், தமிழ், சீனப் பிள்ளைகள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் விமானம் விடுகிறவனிடமாவது ஓர் ஒழுங்கு இருக்கிறது. இடம் குறித்திருப்பான், நேரம் குறித்திருப்பான், மறுநாள் பார்த்தால் திட்டலாம். கோஸ்டிங் செய்தவனைத் திட்ட முகவரி கிடையாது. என் அக்காள் மகள் இரண்டையும் அனுபவித்தவள். விமானமே பரவாயில்லை என்கிறாள்.

இதில் காசு பார்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? தவறுதலாக இடப்பக்கம் தள்ளிவிட்ட ஒருவரைத் திரும்பக் கொண்டுவர டிண்டரில் கட்டணம் கட்ட வேண்டும். டிண்டரிலிருந்து பிரிந்துபோன விட்னி வுல்ஃப் 2014இல் பம்பிளைத் தொடங்கினார், அங்கேயும் தள்ளுவதுதான். டிண்டரின் தாய் நிறுவனம் மேட்ச் குரூப் 2018இல் பம்பிள்மேல் வழக்குப் போட்டது. காப்புரிமை மட்டும் இல்லை, ஸ்வைப் என்ற சொல்லே தங்கள் வணிகக் குறி என்பதும் வழக்கில் இருந்தது. 2020இல் சமரசம் ஆயிற்று. எங்கள் நிதி மேலாளர் அந்தச் சொல்லை ஆட்டிறைச்சிக்காக இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிவிட வேண்டாம். ஹிஞ்ச் என்ற செயலி 2016இல் தள்ளும் முறையையே தூக்கி எறிந்தது. சொல் அதற்காக அசரவில்லை.

அசராததற்கு அந்த அசைவின் கட்டமைப்பும் ஒரு காரணம். உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனையின் பாதிப்பு இதில் உண்டு என்று படீனே ஓர் ஆவணப்படத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தானியம் எப்போது விழும் என்று தெரியாத புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். இங்கே கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் வந்தது. அதே மாதம் 29ஆம் தேதி உலகம் முழுவதும் ஒரே நாளில் 300 கோடி முறை தள்ளியிருக்கிறார்கள் என்று டிண்டர் கணக்குச் சொன்னது. வெளியே போக முடியாது, யாரையும் பார்க்க முடியாது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. பல மாதங்கள் அப்படிச் செய்த விரல் அலுவலகம் திறந்ததும் அந்தப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டா வரும்?

அலுவலகத்துக்கு வருகிறேன். ஹோட்டலை எந்தப் பக்கம் தள்ளினாலும் எனக்குக் கவலையில்லை. கூட்ட நாற்காலியின் நிறம், மதியச் சாப்பாட்டுக் கடை, புதிய மென்பொருள், எல்லாவற்றையும் தள்ளட்டும். வேலைக்கு ஆள் எடுக்கும்போதுதான் என் காது விடைத்துக்கொள்கிறது. வேலை தேடுவதற்கும் தள்ளும் செயலிகள் வந்துவிட்டன. ஜாபர் என்று ஒன்று 2014இலேயே வந்தது, பம்பிள் 2017இல் தொழில் தொடர்புக்கென்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. விண்ணப்பக் கட்டைப் பிரித்து உட்காரும்போது எங்கள் இளம் மேலாளர்கள் கணினித் திரையில் இருப்பதையும் காற்றில் விரலால் தள்ளிக் காட்டுகிறார்கள். இது வேடிக்கைக்காகத்தான். ஆனால் அதற்குப் பின்னால் காரணம் வருவதில்லை. சொல் முடிந்தது, ஆள் முடிந்தது.

அண்மையில் சுங்கப் பிரிவுக்கு ஆள் எடுக்க நேர்காணல் நடத்தினோம். காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கம்யூட்டர் ரயில் பிடித்து, நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கையில் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனதும், இயக்கப் பிரிவிலிருந்து வந்திருந்த இளைஞர், "எனக்கு ஸ்வைப் லெஃப்ட்" என்றார்.

"ஏன்?" என்றேன்.

"ஒட்டவில்லை, மேடம். அவ்வளவுதான்."

எங்கள் நேர்காணல் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் சேர்த்த கட்டம். பலருக்கு அதன்மேல் கோபம். அதைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதி அடித்தார். கடைசியில், கே1, கே2 சுங்கப் படிவங்களுக்குள்ள வேறுபாட்டைச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதினார். நேர்காணலின்போது குறிப்பெடுப்பது நான். ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை. சம்பளமும் வாடகை வீடும் பேசிப் பேசி நேரம் போய்விட்டது. பட்டியலில் கடைசியில் இருந்த கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

ஏட்டை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். நல்ல பையன், சொல்லத்தான் வேண்டும், சண்டைக்கு வரவில்லை. அந்தப் பெண்ணை வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறோம். இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று, அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. கேள்வியை இந்த முறை முதலிலேயே கேட்டுவிடுவதாக இருக்கிறேன்.